பிணி போன பின் வருத்தம்

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



இலக்கிய நிகழ்ச்சியிலே நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் வைத்தியர் அல்லள். இந்துக் கல்லூரியொன்றிலே உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. பட்டம் பெற்றதும் பயிற்சி பெற்றதும் தமிழிலேதான். சொல்லுக்குப் பொருள் சொல்வது என் தொழில். இன்றைக்கும் ஒரு சொல்லை எடுத்து விசாரிக்கவே வந்திருக்கின்றேன். அந்தச் சொல் "வருத்தம்".

யாழ்ப்பாணத்திலே "அவருக்கு வருத்தம்" என்றால் அவர் நோயாளி என்பது பொருள். "என்ன வருத்தம்?" என்று கேட்டால் காய்ச்சல், சலரோகம், பிறசர் என்று மறுமொழி வரும். இதையே சென்னையிலே கேட்டால் மனத்தாங்கலைப் பற்றிக் கேட்பதாகவே கொள்வர். தமிழ்நாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண்ணொருத்தியிடம் என் மாமியார், "எனக்குப் பத்து வருசமா வருத்தம் பிள்ளை" என்று சொல்ல, அந்தப் பெண் பதறிப்போய், "யாரு மேல அத்தை?" என்று கேட்டதை நினைத்து இன்றைக்கும் வீட்டிலே சிரிப்போம். மாமியாருக்கு இருந்தது சலரோகம்.

பழைய நூல்களுக்குப் போனால் மூன்றாவது பொருளொன்று கிடைக்கும். ஆற்றுப்படை நூல்களிலே நெடுவழி நடந்து வந்த பாணருக்கும் பொருநருக்கும் உண்டாவது வழிநடை வருத்தம். திருக்குறளிலே ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வரும் "மெய்வருத்தம்" உடலை வருத்தி உழைக்கும் உழைப்பு. ஆக, நோயும் வருத்தம், மனக்கவலையும் வருத்தம், உழைப்பினால் வரும் இளைப்பும் வருத்தம். ஒரே சொல் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மூன்று பொருளைக் காட்டுகின்றது என்றே வகுப்பிலே சொல்லிக்கொடுத்து வந்தேன். இந்த மூன்று பொருளும் ஓருடம்பிலே ஒரே வேளையிலே கூடி நிற்கும் நிலையும் உண்டு என்பதைப் பாடப்புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தந்தது என் உடம்பு.

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. பின்பு எட்டுத் தடவை மருந்து ஏற்றினார்கள். அதன்பின் சில கிழமைகள் கதிர்ச் சிகிச்சை. 2023 ஆவணியிலே எல்லாம் நிறைவெய்தின. இன்றைக்கும் நாளொன்றுக்கு ஒரு குளிசை எடுக்கின்றேன். குறித்த காலத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகின்றேன். பரிசோதனைகள் எல்லாம் நன்று. தலைமயிர் வளர்ந்துவிட்டது. முன்பிருந்ததைவிடச் சுருளாக வளர்ந்திருக்கிறது என்று அயலிலே ஒரு பேச்சும் உண்டு. பிணி போய்விட்டது என்றே எல்லாரும் சொல்கின்றார்கள். நானும் அப்படியே நம்புகின்றேன். போகாமல் நிற்பது ஒன்று இருக்கின்றது.

அதற்கு என்ன பெயர் சொல்வது? எங்கள் பேச்சு வழக்கிலே சோர்வுக்குப் பஞ்சமில்லாமல் சொற்கள் உண்டு. மூன்று மைல் சைக்கிள் ஓடி வந்தால் வருவது களைப்பு. ஒரு செம்பு தண்ணீரும் கொஞ்ச நேர நிழலும் அதைத் தீர்க்கும். தோட்டத்திலே வெங்காயம் கிண்டினால் நாரியிலும் காலிலும் வருவது உளைவு. சுடுதண்ணீரிலே முழுகினால் போய்விடும். கலியாண வீட்டுக்குப் போய் வந்தால் அலுப்பு. ஓர் இரவு நித்திரை போதும். மத்தியானச் சாப்பாட்டின் பின் மெல்ல வந்து கண்ணை மூடுவது அசதி. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. வேலைக்கு அளவாக வருகின்றன, ஓய்வுக்கு அளவாகப் போகின்றன.

எனக்கு வந்தது இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பினால், நித்திரை கொள்ளாதவளைப் போல இருந்தது. காலையிலே தலையிழுக்க உயர்த்திய கை பாதியிலே தானாக இறங்கிவிடும். கிணற்றடியிலே இரண்டு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றிய பின் அந்தக் கட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றலாம். ஒருநாள் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது, உரலை அழுத்த வேண்டிய கைக்கு "அழுத்து" என்ற கட்டளை போய்ச் சேரவில்லை என்று தோன்றியது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிழிந்த தட்டுகள் நாலு அவிந்துகொண்டிருக்க, மாவைப் பார்த்தபடி நின்றேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீர் போய் இரும், நான் பார்க்கிறன்" என்று உரலை வாங்கினார். அன்றைய இடியப்பத்தின் வடிவைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

வகுப்பறையிலே வேறொரு விதமாக வந்தது. குறிஞ்சிப் பாட்டொன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். கருப்பொருளின் வழியாக உள்ளே கிடக்கும் குறிப்புப் பொருளுக்கு ஒரு பெயர் உண்டல்லவா, அந்தப் பெயர் வரவில்லை. இருபது வருடமாகத் தினமும் வாயிலே புழங்கிய சொல். உள்ளுறை என்பது வந்தது. அடுத்த சொல்லைக் காணவில்லை. வெண்கட்டியைக் கையிலே வைத்துக்கொண்டு நிற்கிறேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் மெதுவாக, "இறைச்சியோ ரீச்சர்?" என்றான். வகுப்புச் சிரித்தது, அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு வருடமும் வகுப்புச் சிரிப்பதுண்டு. நானும் சிரித்தேன். சிரித்தபடியே மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

இதை வைத்தியரிடம் சொன்னபோது, இது எனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்தேன். அமெரிக்காவிலே புற்றுநோய் நிலையங்கள் பல கூடி அமைத்த வலையமைப்பு ஒன்று வெளியிடும் வைத்திய வழிகாட்டியிலே இந்தச் சோர்வுக்கு வரைவிலக்கணமே இருக்கின்றது. அதன் சாரம் இதுதான்: புற்றுநோயோடு அல்லது அதன் சிகிச்சையோடு தொடர்புடையதாய், உடலையும் மனத்தையும் சிந்தனையையும் ஒருங்கே பற்றுவதாய், செய்த வேலைக்கு ஏற்ற அளவினதாய் இல்லாமல், அன்றாட வாழ்வைக் குலைத்துக்கொண்டு நீடித்து நிற்கும் சோர்வு. ஆங்கிலத்திலே அதைச் சொல்ல நீண்ட வாக்கியமொன்று வேண்டியிருக்கின்றது. உடம்பின் இளைப்பு, மனத்தின் கவலை, நோயின் தொடர்ச்சி ஆகிய மூன்றையும் சுமந்துகொண்டு எங்கள் குசினியிலே கிடந்த சொல்லை நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

இது அபூர்வமானதும் அன்று. மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழிந்த பெண்களை ஆராய்ந்து 2006 இல் அமெரிக்காவிலே வெளியான ஆய்வொன்றிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இந்தச் சோர்வு தங்களைவிட்டு நீங்கவில்லை என்றே சொல்லியிருக்கின்றார்கள். நோயினாலும் சிகிச்சையினாலும் உடம்பிலே கிளர்ந்த அழற்சி முழுவதும் அடங்காமல் நிற்பது ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். காய்ச்சல் வந்தால் "படு, அசையாதே" என்று மூளைக்குச் சொல்லும் அதே இரசாயனத் தூதுகள், காய்ச்சல் இல்லாதபோதும் மெல்லிய குரலிலே அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றனவாம். இதனோடு இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நித்திரைக் குழப்பம், நோவு, மனச்சோர்வு, எடுக்கும் மருந்துகள் என்பனவும் சேரலாம். இவற்றுட் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. ஆகவே முதலிலே இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். நோயை மட்டுமன்றி அதன் முதலையும் நாடச் சொன்ன வள்ளுவர் இதைத்தான் சொன்னார் என்று நான் வலிந்து பொருள் கொள்ளவில்லை. ஆனாலும் எந்தச் சோர்வையும் "இது இப்படித்தான்" என்று கிடப்பிலே போடுவது அவர் வழியன்று. புதிதாக ஒரு மூச்சுமுட்டலோ நோவோ மெலிவோ கண்டால் அடுத்த கிளினிக் வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

என் இரத்தத்திலே இரும்புச்சத்துக் கொஞ்சம் குறைந்திருந்தது. குளிசை எடுத்தேன், அது சீரானது. சோர்வு ஒரு பங்கு குறைந்தது. மிச்சம் மிச்சமாகவே நின்றது.

உடம்பின் சோர்வைவிட என்னை அலைக்கழித்தது வேறொன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். எண்வகை மெய்ப்பாட்டிலே மூன்றாவது இளிவரல். தன்னைத் தாழ்வாக உணரும் கூச்சம். அது தோன்றும் இடங்களென நான்கைத் தொல்காப்பியர் எண்ணுகின்றார். அந்த நான்கினுள்ளே பிணி தனியாகவும் வருத்தம் தனியாகவும் நிற்கின்றன. பிணிக்கும் வருத்தத்துக்கும் என்ன வேற்றுமை என்று மாணவர் கேட்டால் உரையாசிரியரைப் பார்த்து ஏதாவது சொல்லி முடித்துவிடுவேன். இப்போது யாராவது கேட்டால் வேறு விடை சொல்வேன். பிணியைக் கண்டு கூசுவது ஒருவிதம். பிணியாயிருக்கும் காலத்திலே ஊர் உங்களைத் தாங்கும். சாப்பாடு வரும், சரக்குத்தண்ணி வரும், முருங்கையிலைச் சுண்டல் வரும், கோயில் விபூதி வரும். வருத்தத்தைக் கண்டு கூசுவது அதற்குப் பிந்தியது. பிணி போய்விட்டது என்று ஊர் சொன்ன பிறகும் எழும்பி நிற்க முடியாமல் இருக்கிறதே, அந்தக் கூச்சம். அப்போது சாப்பாட்டுக் கரியர் ஒன்றும் வருவதில்லை.

"எல்லாம் முடிஞ்சுதெண்டு சொன்னவை. இன்னும் என்ன?" என்பது அயலிலே கேட்ட கேள்வி. "உடம்பை அசைச்சால் எல்லாம் சரிவரும், தங்கச்சி" என்றார் ஆசிரியர் ஓய்வறையிலே என்னிலும் மூத்த ஒருவர். அவர் அன்போடுதான் சொன்னார். பின்பு நான் சொல்லப் போவதைப் பார்த்தால் அவர் சொன்னதிலே பாதி உண்மையுமாகும். வேறொருவர் என் காதுபட, "இருந்து பழகிவிட்டால் எழும்ப மனம் வராதுதானே" என்றார். அது அன்பன்று. அவர் சொல்லாமற் சொன்ன சொல் மடி. சோம்பல்.

நேயர்களே, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். எங்கள் பண்பாடு மடியை மன்னிப்பதில்லை. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஊக்கமுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் நடுவிலே அதை வைத்தார். யாழ்ப்பாணத்து மண்ணோ கிணறு வெட்டி, துலா மிதித்து, இறைத்துத் தின்ற மண். இங்கே "சோம்பேறி" என்பது பெரிய ஏச்சு. பெண்ணுக்கு அது இரட்டை ஏச்சு. ஆனால் அதே தொல்காப்பியர், எண்வகை மெய்ப்பாட்டின் பின்பு வேறும் முப்பத்திரண்டைச் சொல்லும்போது மடிமையை ஒன்றாகவும், நலிதலை வேறொன்றாகவும், கையாற்றை மற்றொன்றாகவும், துஞ்சலை இன்னொன்றாகவும் பிரித்து எண்ணினார். புறத்திலிருந்து பார்ப்பவனுக்கு நான்கும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் கிடக்கின்றார், அவ்வளவுதான். கிடப்பவரின் உள்ளே நடப்பது வேறு வேறு என்று அறிந்த புலவன் அவற்றை ஒரு பெயரிலே அடக்கவில்லை. மடியுள்ளவனுக்குச் செய்ய மனமில்லை. எனக்கு மனம் விடியுமுன்னரே எழும்பி முற்றம் கூட்டி, பாடக்குறிப்பு எழுதி, பஸ்ஸுக்குப் போய் நிற்கின்றது. உடம்பு கட்டிலிலே கிடக்கின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குப் பெயர் மடியன்று.

இன்னுமொரு சொல்லைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. புற்றுநோய் என்றதும் எல்லாரும் போரை உவமையாக எடுக்கின்றார்கள். போராடுகிறார், போராடி வென்றார், போராடித் தோற்றார். போரை உவமையாகக் கொள்ளுமளவுக்கு அது எங்களுக்குத் தூரத்துச் சங்கதியன்று. 2009 ஆம் ஆண்டு வரை அதற்குள்ளேயே இருந்தோம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக், தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின், 1978 இல் எழுதிய நூலொன்றிலே இந்தப் படைக்கல மொழியை வன்மையாகக் கண்டித்தார். நோயை நோயாகப் பார்க்க விடாமல் உவமைகள் மறைக்கின்றன என்பது அவர் கட்சி. அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு எனக்குத் தோன்றுவதையும் சேர்த்துச் சொல்கின்றேன். போர் என்ற உவமை வெற்றியோடு முடிந்துவிடுகின்றது. வாகை சூடிய அடுத்த நாள் அந்த வீரன் எப்படி எழும்பினான் என்று அது கேட்பதில்லை.

எங்கள் புறத்திணை கேட்டது. காஞ்சித்திணையிலே தொடாக்காஞ்சி என்றொரு துறை உண்டு. புண்பட்டு வந்து கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காப்பது அதன் பொருள். புறநானூற்றின் 281 ஆம் பாடலிலே அரிசில் கிழார் அப்படியொரு வீட்டைக் காட்டுகின்றார். மனையிலே இரவமரத்துத் தழையும் வேப்பிலையும் செருகியிருக்கின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகு தூவுகின்றார்கள், குழல் ஊதுகின்றார்கள், மணி அடிக்கின்றார்கள், காஞ்சிப்பண் பாடுகின்றார்கள், வீடெங்கும் நறும்புகை. மனைவி தன் தோழியையும் கூப்பிடுகின்றாள், வா, சேர்ந்து காப்போம் என்று. அந்த வீட்டிலே "எப்ப எழும்புவாய்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நக்கீரரின் நெடுநல்வாடையிலும் பாடல் முடியுமிடத்திலே அரசன் பாசறையிலிருக்கின்றான். நள்ளிரவு, வாடைக்காற்று, தூறல். நித்திரை கொள்ளாமல், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, புண்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வருகின்றான். போரைப் பாடவேண்டுமென்றால் இந்தப் பகுதியையும் சேர்த்தல்லவா பாடவேண்டும்?

வீட்டிலே தொடாக்காஞ்சி பாட ஆள் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளிலே மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலே நின்று பணிசெய்பவர். சிகிச்சை முடிந்தது என்று துண்டு தந்த அன்றைக்கு இந்த நான்கிலே இரண்டு பெரும்பாலும் விடைபெற்றுக்கொள்கின்றன. மிஞ்சுவது நோயுற்றவரும் பக்கத்திலே நிற்பவரும். நோய்க்காலத்திலே பக்கத்திலே நிற்பது எப்படி என்று எங்கள் சனத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நோய்க்குப் பிந்திய காலத்திலே நிற்பது எப்படி என்பதைத்தான் கொஞ்சம் பழக வேண்டியிருக்கின்றது.

எங்கள் வீட்டிலே பழகிய விதத்தைச் சொல்கின்றேன். வைத்தியசாலையிலே சோர்வை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாகச் சொல்லும்படி கேட்பார்கள். 3 வரை இலேசு. 4 முதல் 6 வரை நடுத்தரம். 7 க்கு மேலே கடுமை. பரீட்சைத் தாளுக்குப் புள்ளி போட்டே பழகிய கை, தனக்குப் போட்டுக்கொள்ள முதலிலே தயங்கியது. இப்போது விடியக் காலையிலே என் மகள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து, "அம்மா, இண்டைக்கு எத்தினை?" என்று கேட்கின்றாள். "ஐஞ்சு" என்றால் தேங்காய் அவள் துருவுவாள். "ஏழு" என்றால் இவர் கடையிலே பாண் வாங்குவார். ஒரு விளக்கமும் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதும் இல்லை, முகத்தை நான் மறைக்க வேண்டியதும் இல்லை. மாமியார் மட்டும் தம் மொழியிலேயே கேட்பார்: "ஏலுமோ பிள்ளை, ஏலாதோ?" அவருக்கு இரண்டே எண்கள்.

அடுத்தது, ஒருநாளின் சக்தியைச் சம்பளக் காசு போலக் கணக்குப் பார்த்துச் செலவு செய்வது. உடம்பு நல்லாயிருக்கும் நாளிலே விட்டுப்போன வேலையெல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்து முடிக்கத் தோன்றும். செய்தால் அடுத்த இரண்டு நாட்கள் கடனிலே போகும். வேலையைப் பிரித்து, நடுவிலே இருந்து, களைக்கு முன்னரே ஓய்வெடுக்க வேண்டும். பகல் நித்திரை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட வேண்டும்; நீண்டால் இரவு நித்திரை கெடும்.

எல்லாவற்றிலும் விசித்திரமான மருந்து நடை. சோர்ந்தவரை நடக்கச் சொல்வதா என்று நானும் வாயிலே கைவைத்தேன். 2017 ஆம் ஆண்டிலே 113 ஆய்வுகளை, 11,525 நோயாளரின் தரவுகளை, ஒருங்கே வைத்து ஆராய்ந்தவர்கள், இந்தச் சோர்வுக்கு உடற்பயிற்சியும் உளவியற் சிகிச்சையும் மருந்துகளைவிடக் கூடிய பயன் தருகின்றன என்று கண்டார்கள். 2019 இல் பன்னாட்டு வல்லுநர் கூடி வெளியிட்ட வழிகாட்டியிலே வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம், குறைந்தது 12 வாரம் என்று அளவும் சொல்லப்பட்டது. ஓய்வு ஓய்வென்று கிடந்தால் தசை மெலிந்து, மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருவேலையாகி, சோர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். ஓய்வறை நண்பர் சொன்னதிலே பாதி உண்மை என்றேனே, இதுதான் அது. மற்றப் பாதி என்னவென்றால், அசைப்பது என்பது நோயுற்றவர் தம் அளவறிந்து, வைத்தியரைக் கேட்டு, மெல்ல மெல்லச் செய்ய வேண்டியது. ஏச்சுக்குப் பயந்து செய்ய வேண்டியதன்று.

நான் தொடங்கியது படலையடியிலிருந்து சந்தி வரை, ஐந்து நிமிடம். அங்கே மதகிலே இருந்துவிட்டுத் திரும்புவேன். ஒரு மாதத்திலே வைரவர் கோயில் வரை எட்டியது. இன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் நடக்கின்றேன். நடக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் நினைப்பதில்லை. சில வேளை தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையை நினைப்பேன். 2011 ஆம் ஆண்டிலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களிலே நடந்து, நாட்டின் தெற்கையும் வடக்கையும் சேர்ந்த சனங்கள் சேர்த்த பணத்திலே எழும்பியது அது. மகரகமவுக்குப் பஸ்ஸிலே இரவிரவாகப் போய்வந்த எங்கள் பக்கத்து நோயாளர் பலருக்கு அந்த நடையினால்தான் பயணம் மிஞ்சியது. நடந்து கட்டிய வைத்தியசாலை என்று மகளுக்குச் சொன்னேன். "அப்ப நீங்களும் நடவுங்கோ" என்றாள்.

பாடசாலைச் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். என் உயர்தர வகுப்பு மேல்மாடியிலே இருந்தது; 22 படிகள். அதைக் கீழே மாற்றித் தந்தார்கள். கதிரையிலே இருந்து படிப்பிக்கின்றேன். முன்பு நானே வாசித்துக் காட்டிய பாடல்களை இப்போது பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கின்றார்கள். அதனால் சில குரல்களை முதன்முதலாகக் கேட்கின்றேன். "இறைச்சியோ ரீச்சர்?" என்று எடுத்துத் தந்த பொடியனின் குரல் நல்ல கனம். கலைச்சொற்களைச் சிறு துண்டுகளிலே எழுதிப் புத்தகத்துக்குள்ளே வைத்திருக்கின்றேன். வரும் தையிலே நேரசூசி போடும்போது உயர்தரத்தை வேறொருவருக்குக் கொடுத்து, எனக்கு நூலகப் பொறுப்பைத் தருவது பற்றிப் பேச்சு நடக்கின்றது. நல்லெண்ணத்தோடு நடக்கும் பேச்சுத்தான். நூலகம் அமைதியான இடம், மின்விசிறியும் உண்டு. நான் கேட்டிருப்பது வேறு. கிழமைக்கு நான்கு நாள், காலையிலே முதல் மூன்று பாடவேளை உயர்தரத்தோடு; அதன் பின்பு நூலகம். காலையிலேதான் என் எண் குறைவாயிருக்கின்றது. எழுத்திலே கொடுத்திருக்கின்றேன், "சோர்வு" என்று எழுதாமல் "வருத்தம்" என்றே எழுதினேன். அலுவலகத்திலே அதை எந்தப் பொருளிலே வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

இந்த உரையை எழுதி முடிக்க ஆறு நாட்கள் சென்றன. முன்பானால் ஓரிரவு போதும். நாளுக்கு ஒரு பக்கம், விறாந்தையிலே, நடந்து வந்த பின்பு. நாலாம் நாள் 7, அன்றைக்கு எழுதவில்லை. தொடாக்காஞ்சிப் பகுதி அதற்கு அடுத்த நாள் எழுதியது. இன்றைக்கு ஒலிப்பதிவுக்கு வரும்போது மகள் கேட்டாள், 4 என்றேன்.